பிஸ்கட்டின் இடது கண்

என் தம்பி சேகருக்கு,

பிஸ்கட்டின் வலது கண் செத்துப்போனது உனக்கு எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகு எத்தனை நாள் அதன் முதுகில் பிள்ளைகளை ஏற்றினாய்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. லெட்சுமியிடமும் இல்லை. ஏரிக்கரையில் உன்னோடு குதிரை விட்டவர்களைக் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நான் நம்புவதில்லை, உனக்கே தெரியும். ஆனாலும் ஆறு மாதமாக உன்னிடம் மட்டும் சொல்லக்கூடிய சில விஷயங்கள் சேர்ந்துவிட்டன. வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக: பிஸ்கட் என் தம்பியின் குதிரை. நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றி நடத்திக்கொண்டிருந்தான். ஐப்பசியில் ஒரு காலை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழும்பவில்லை. லெட்சுமி அவன் மனைவி. நான் அவன் அக்கா, லெட்சுமிக்கு அண்ணி, ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன்.

குதிரையின் இடது பக்கம் நின்று கயிற்றைப் பிடிப்பதுதான் வழக்கம் என்று இப்போது தெரிந்துகொண்டேன். நீ வலது பக்கம் நடந்தாய். “சேகருக்கு மட்டும் தனி ரோட்டுச் சட்டம்” என்று கரையில் உன்னைக் கேலி செய்வார்களாம். நானும் ஒருமுறை பார்த்தேன், ஏனென்று கேட்கவில்லை. உன் தொழிலைப் பற்றி நான் எதையும் கேட்டதில்லை. அது மரியாதையால் அல்ல என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் முப்பதாம் நாள் முடிந்து, பிஸ்கட்டைக் கொட்டிலிலிருந்து வெளியே கொண்டுவரப் போனேன். எல்லோரையும் போல இடது பக்கம் நின்றேன். அது நேராக நடந்து வலது கன்னத்தை வாசல் மரத்தில் இடித்துக்கொண்டது. வாசலில் நின்ற லெட்சுமி, “அவரு அந்தப் பக்கம்தான் நிப்பாரு அண்ணி” என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. தோளை ஒட்டி நடந்து, அந்தப் பக்கத்துப் பார்வையாக நீ இருந்திருக்கிறாய்.

மிருக வைத்தியரை அழைத்து வந்தேன். இளம் சிங்களப் பெண். வலது கண் குறைந்தது இரண்டு வருடமாவது பார்வை இல்லாமல் இருந்திருக்கும் என்றார். கண்ணுக்குள் வீக்கம் வரும், போகும், திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் பார்வையில் கொஞ்சத்தைக் கொண்டுபோகும். இடது கண்ணிலும் அதே நோய் தொடங்கியிருந்தது. இரண்டு போத்தல் சொட்டு மருந்து தந்தார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் போட்டதும் அந்தக் கண் தெளிந்தது.

பிஸ்கட்டுக்கு இனிச் சவாரி வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்தேன். உன் மேல் கோபம் வந்தது. ஒரு கண் தெரியாத குதிரையில் ஊர் பேர் தெரியாத பிள்ளைகளை ஏற்றியிருக்கிறாய். ஒரு பிள்ளையும் விழவில்லை என்று கரையில் உனக்காகப் பேசினார்கள். விழாதது உன் அதிர்ஷ்டம். அது நியாயமாகிவிடாது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கும்.

சித்திரை லீவுக்கு இங்கே வந்தேன். சீசன் நேரம், ஏரிக்கரை முழுக்கச் சனம். வந்த மறுநாள் பின்னேரம் பிஸ்கட் இடது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. கன்னம் வரை தண்ணீர் வழிந்திருந்தது. வெளிச்சத்துக்குத் தலையைத் திருப்பிக்கொண்டது. முன்பு பார்த்த அதே அடையாளங்கள். பழைய போத்தலில் பாதி மருந்து மிச்சமிருந்தது. டொக்டர் புத்தாண்டுக்கு ஊருக்குப் போயிருந்தார். போன் நம்பர் இருந்தது, எடுத்துப் பேசியிருக்கலாம். ஒருவரின் புதுவருட நாளைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

லெட்சுமி கண்ணைக் கிட்டப்போய்ப் பார்த்தாள். “போன தடவ மாதிரி இல்ல அண்ணி. அப்ப ரெண்டு நாளு மங்கலாகித்தான் கண்ணு மூடுச்சு. இது காலையில கூட நல்லாத்தானே இருந்துச்சு.”

நான் நோயின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த நோய் இப்படித்தான் திரும்பத் திரும்ப வரும் என்றேன். வருடா வருடம் கரும்பலகையில் கண்ணை வரைந்து பாகம் குறிப்பவள் நான். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். மூன்று நாள், நாளுக்கு நான்கு முறை, கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, சொட்டு தவறாமல் அந்த மருந்தைப் போட்டேன்.

நான்காம் நாள் கண்ணின் மேல் நீலம் கலந்த வெள்ளை படர்ந்திருந்தது. அப்போதுதான் போன் எடுத்தேன். அன்று பகலே டொக்டர் வந்துவிட்டார். சாயம் தோய்த்த ஒரு சிறிய காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டார். கண்ணின் நடுவில் பட்டாணி அளவுக்குப் பச்சை ஒளிர்ந்தது. காயம் இருக்கும் இடத்தில்தான் அந்தச் சாயம் பிடிக்குமாம். ஒரு வைக்கோல் குச்சி குத்தினாலே போதுமாம். லெட்சுமி சுடுதண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தாள். பழைய மருந்தைப் போட்டீர்களா டீச்சர் என்று டொக்டர் சிங்களத்தில் மெல்லக் கேட்டார். ஆமாம் என்றேன். வீக்கத்தைக் குறைக்கிற அந்த மருந்து காயத்தை ஆறவிடாது, இன்னும் பெரிதாக்கிவிடும் என்றார். முதல் நாளே காட்டியிருந்தால் ஒரு கிழமையில் ஆறியிருக்கும் என்றும் சொன்னார்.

லெட்சுமி தண்ணீரோடு வந்தாள். என்ன வருத்தமாம் என்று கேட்டாள். பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று நான் சொன்னேன். டொக்டர் என்னைப் பார்த்தார், மறுக்கவில்லை.

இரண்டு கிழமையாகப் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மருந்து. லெட்சுமி கயிற்றைப் பிடிப்பாள், நான் இமையைப் பெருவிரலால் தூக்கிச் சொட்டு விடுவேன். கண்ணில் வெயில் படாமல் இருக்க, தோட்டத்து மரக்கறிப் பாத்திக்குப் போடும் பச்சை வலையை நான்காக மடித்து முகமூடி தைத்தாள். காதுக்கு ஓட்டை விடும் இடத்தை இரண்டு முறை பிழையாக வெட்டினாள். “ஒன் காது என்னடி ஓயாம ஆடுது” என்று பிஸ்கட்டையே ஏசினாள். கிட்டப் போகுமுன் நாங்கள் குரல் கொடுக்க வேண்டும். நான் என்ன பேசுவதென்று தெரியாமல் பரீட்சை மேற்பார்வை செய்பவளைப் போல “இங்கே, இங்கே” என்றேன். உன் மனைவி அதற்கும் சிரித்தாள்.

மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போட்டிருக்கிறாள். யாருக்குக் கண் நோய், பேர் நட்சத்திரம் சொல்லுங்க என்று ஐயர் கேட்டாராம். “வீட்டுல ஒருத்தருக்கு, பேரு பிஸ்கட்” என்றாளாம். அவர் மறு பேச்சில்லாமல் அர்ச்சனை செய்தாராம். நான் போட்ட மருந்து செய்த கெடுதலை அந்த அர்ச்சனை செய்யவில்லை.

போன ஞாயிறு அவளுடைய அண்ணன் வட்டவளையிலிருந்து வந்தார். கண்ணில்லாத குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். லெட்சுமி தேத்தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள். “அப்ப கண்ணு தெரியாத நம்ம பெரியம்மாவுக்கும் போட்டுருவோமா?” என்றாள். அவர் கிளம்பும்வரை அந்தப் பேச்சு திரும்ப வரவில்லை.

ஆனால் அண்ணன் போன பிறகு கொட்டில் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். “நோய் வருத்தத்துல கண்ணு போனா அது விதி அண்ணி. விதின்னா மனசத் தேத்திக்கிட்டு அனுப்பிருவேன்” என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நாளைக்கு டொக்டர் வந்து கடைசியாகப் பார்க்கிறார். கண்ணை எடுக்க வேண்டுமா, பார்வை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறதா என்று சொல்வார். அதன்பிறகு பிஸ்கட்டை வைத்திருப்பதா வேண்டாமா என்று லெட்சுமி முடிவெடுப்பாள். நான் சொன்ன பொய்யை வைத்து அவள் அந்த முடிவை எடுக்கக் கூடாது. நீ எதற்காக மறைத்தாயோ எனக்குத் தெரியாது. நான் மறைத்தது வெட்கத்தால், வேறு காரணம் இல்லை. நாளை டொக்டர் வருவதற்கு முன் லெட்சுமியிடம் சொல்லிவிடுகிறேன். இதை உனக்கு வாக்காகத் தருகிறேன்.

மறுநாள், பின்னேரம்.

டொக்டர் வருவதற்கு முன் நான் சொல்லவில்லை. ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை நேரம் இருந்தது. அவள் தோசை சுட்டாள், நான் சாப்பிட்டேன்.

டொக்டர் சாயம் தொட்டுப் பார்த்தார். பச்சை இல்லை. காயம் மூடி வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கிறது. வலி இல்லை, கண்ணை எடுக்கத் தேவையில்லை, மருந்தை மட்டும் இன்னும் ஒரு கிழமை காலையும் பின்னேரமும் போடச் சொன்னார். பிறகு அதன் இடது கண்ணுக்கு முன்னால் ஒரு பஞ்சு உருண்டையை மேலிருந்து விட்டார். பஞ்சு தரையில் விழுந்தது. கண் அசையவில்லை. மூன்று முறை விட்டார்.

நோய் பார்வையை முழுசாக எடுத்துவிட்டதா என்று லெட்சுமி கேட்டாள். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். இது நோய் இல்லை, காயம், போடக்கூடாத மருந்தை மூன்று நாள் போட்டது நான், டொக்டர் வந்து பச்சைச் சாயம் தொட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றேன். எல்லாவற்றையும் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

லெட்சுமி என் பக்கம் திரும்பவில்லை. இனி இது உயிரோடு நிம்மதியாக இருக்குமா என்று டொக்டரிடம் கேட்டாள். அதே இடம், அதே ஆட்கள் என்றால் பழகிக்கொள்ளும் என்றார் அவர். “அப்ப இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். பகல் முழுக்க வெளியே வரவில்லை. நான் பையை அடுக்கினேன், திரும்ப எடுத்து வைத்தேன்.

நான்கு மணிக்கு, மருந்து நேரத்துக்கு, கையைக் கழுவிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தாள். நான் ஏற்கெனவே போத்தலோடு நின்றிருந்தேன். அவள் கையை நீட்டினாள்.

“குடுங்க. மருந்த இனிமே நான் போடுறேன். நீங்க கயித்தப் புடிங்க அண்ணி.”

பிடித்தேன்.

உன் அக்கா
கலா