ஓரம் போன நட்சத்திரம்

மார்ச் 3, ஞாயிறு

நாணயச் சங்கத்தில் இன்று என் மானம் போனது. நட்சத்திரம் இடம் மாறி விழுந்திருக்கும் என் காசை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செயலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஆர்வக் கோளாறுல சில பேர் கைவேலை காட்டிடறாங்கம்மா."

கைவேலை அவர் தொழில், தையற்காரர். நான் மருந்துக் கடை நடத்துகிறவள். ஒரு மாத்திரையைச் சரிபாதியாக உடைக்கவே திணறுகிறேன், நானா உலோகத்தில் நட்சத்திரத்தை நகர்த்துவேன்?

மார்ச் 4

ஆத்திரம் கொஞ்சம் தணிந்தபின் யோசித்தேன். வருடத்துக்குக் கீழே இருக்கும் அந்தப் பொடி நட்சத்திரம், எந்த நாணயச் சாலையில் அடித்த காசு என்று சொல்லும் குறி. அந்தக் காலத்தில் அதை ஒவ்வொரு அச்சிலும் கையால் பதித்தார்கள். அடித்தவர் கை கொஞ்சம் பிசகினால், அந்த அச்சில் விழுந்த அத்தனை காசிலும் நட்சத்திரம் அதே இடத்துக்குப் போயிருக்கும். அப்படியென்றால் என் காசுக்குக் கூடப்பிறந்தவை வெளியே திரிகின்றன.

சங்கத்து விதி: புது வகையென்று பட்டியலில் ஏற இரண்டு காசு வேண்டும், அதுவும் இரண்டு பேர் கைக்குத் தனித்தனியாக வந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் பட்டியல் அச்சுக்குப் போகிறது. அதுவரை நான் கைவேலைக்காரி. விடப்போவதில்லை.

மார்ச் 9

பார்க்கும் வழி பிடிபட்டுவிட்டது. காசில் உள்ள வருடத்தின் கடைசி இலக்கம் '1'. அதன் காலோடு ஒட்டி ஒரு தலைமுடியை நேராக இழுத்துப் பிடித்தால், மற்ற காசுகளில் நட்சத்திரம் முடிக்கு இடப்பக்கம் நிற்கிறது. என் காசில் முடி நட்சத்திரத்தின் நடுவிலேயே ஓடுகிறது.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "சாப்பாட்டுல முடி விழுந்தா சண்டை, காசுல விழுந்தா ஆராய்ச்சியா?" கட்டிக்கொண்ட மனுஷனே இப்படி என்றால், ஊர் என்ன சொல்லாது?

மார்ச் 10, ஞாயிறு

சங்கத்தில் முடி வித்தையைச் செய்து காட்டினேன். "அவங்கவங்க சில்லறையை ஒரு தடவை பாருங்க, அது போதும்" என்றேன். தையற்காரர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "முடிக்கு நான் எங்கம்மா போவேன்?" கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வரவில்லை.

மார்ச் 14

இன்றும் இல்லை.

மார்ச் 19

கிடைத்துவிட்டது! இருமல் மருந்து வாங்கியவர் கொடுத்த சில்லறையில். விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு, மற்றபடி அச்சு அசல் அதே காசு. கல்லாவுக்குப் பின்னால் நின்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன்.

பிறகுதான் உறைத்தது. இதுவும் என் கைக்குத்தானே வந்திருக்கிறது? கணக்கில் சேராது.

வீட்டுக்காரர் சுலபமாகச் சொன்னார்: "எங்கிட்ட குடு. எனக்குக் கிடைச்சுதுன்னு நான் வந்து நீட்டறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே!" என்று கத்திவிட்டேன். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

சரி, நான் மட்டும் என்ன யோக்கியமா? ஒரு நிமிஷம் அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தேனே.

மார்ச் 20

வெட்டு விழுந்த காசைப் பேருந்தில் நடத்துநரிடம் கொடுத்துவிட்டேன். டப்பியில் கிடந்தால் ஒருவருக்கும் பயனில்லை, வெளியே போனால் பார்க்கிற கண்ணில் படலாம். அவர் அதைப் பைக்குள் போட்டார். இறங்கும்வரை அந்தப் பையைத்தான் பார்த்தேன்.

மார்ச் 27

எனக்கென்ன பைத்தியமா? கையில் இருந்ததை — சரி, போனது போனதுதான். தேடலாம்.

மார்ச் 31, ஞாயிறு

நான் உட்காருவதற்குள் தையற்காரர் ஒரு காசை மேசைமேல் வைத்தார். "சட்டை தைச்சதுக்கு ஒருத்தர் கொட்டிட்டுப் போன சில்லறை. தினமும் பார்த்தேம்மா. நீங்க சொன்னது பொய்னு காட்டத்தான் பார்த்தேன்."

நான் முதலில் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. விளிம்பைத்தான் பார்த்தேன். வெட்டு இருந்தால் அது என் காசு, எழுந்து சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு சுற்று விரலால் தடவினேன், பிறகு இன்னொரு சுற்று. வழவழவென்று இருந்தது. இது வேறு காசு.

"பார்வைக்கு நட்சத்திரம் தள்ளித்தான் தெரியுது. நூல் வச்சுப் பார்த்தேன், அது தடிமனா நட்சத்திரத்தையே மறைக்குது. எல்லார் முன்னாலயும் சரியாப் பார்த்துடுவோம்" என்றார். "முடி மட்டும் நீங்கதான் தரணும்."

ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தேன். நரை. வெள்ளி நிறக் காசின்மேல் அது தெரியவே இல்லை. கறுப்பாக ஒன்று கேட்டார்.

தேட வேண்டியிருந்தது. கிடைத்தது.