அட்டையில்லாத நாவல்களும் நீ மாற்றிச் சொன்ன முடிவுகளும்

என் உயிரான உம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன்னால் காட்ட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வேறு யார் கையிலாவது இந்தத் தாள் கிடைத்தால், தயவுசெய்து வாப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ கண்மூடிய பிறகு ஒரு நோன்பும் பெருநாளும் வந்து போய்விட்டன. இங்கே சவூதியில், அல் கோபாரில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. பள்ளி விட்டு வந்தால் வாப்பா கடையடைத்து வரும்வரை வீட்டில் நான் மட்டும்தான். கதவை உள்ளே பூட்டிக்கொண்டு உன் நாவல்களைப் படிக்கிறேன். பக்கத்து ஃப்ளாட் கலா ஆன்ட்டி லீவுக்குப் போய் வரும்போதெல்லாம் உனக்குக் கொண்டுவந்து தருவார்களே, அவைதான்.

ஒன்றுக்கும் அட்டை இல்லை. அட்டையில் பெண் படம் இருந்தால் விமான நிலையத்தில் வம்பு என்று ஆன்ட்டி விமானத்திலேயே கிழித்துவிடுவார்களாம். கூடவே கதையின் பேரும் எழுதியவர் பேரும் போய்விடும். அதனால் நீயே பேர் வைத்தாய். நர்ஸ் கதை, மழைக் கதை, அக்கா தங்கை கதை. சமையலறையில் நின்றுகொண்டு நீ சொல்வாய், நான் கேட்பேன். "கதை கேக்கும்போது வெங்காயத்த உரி புள்ள. அழுதாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்பாய்.

மழைக் கதையை நீ பாதியில் வைத்துவிட்டாய். "மழ பெஞ்சுக்கிட்டே இருக்கு, ஒருத்தனும் எந்திரிச்சு வேலைக்குப் போவல" என்றாய். எனக்குப் பிடித்திருந்தது உம்மா. ஒரு ஊரே நனைந்து கிடப்பதை ஏசி ஓடும் அறையில் உட்கார்ந்து படித்தேன். முடித்ததும் ஜன்னலைத் திறந்தேன். வெளியே தூசிக் காற்று.

அக்கா தங்கை கதையில் அவர்கள் கடைசியில் சேர்ந்துவிடுவதாகச் சொன்னாய், புத்தகத்தில் சேரவே இல்லை. அக்கா இறந்த பிறகுகூடத் தங்கை வரவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை என்று ஒரு வரி வருகிறது. இந்த ஒரு கதையில் நான் எழுதியவர் பக்கம். கோபித்துக்கொள்ளாதே.

நர்ஸ் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. வசந்தாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைக்கிறது. அதே வாரம் அவளைப் பெண் கேட்டும் வருகிறார்கள். கடிதத்தோடு அப்பாவின் அறை வாசலில் நிற்கிறாள். நீ சொன்ன கதையில் அவள் உள்ளே போய், "அப்பா, நான் படிக்கணும். அதுக்கப்புறம் நீங்க சொல்றதக் கேக்குறேன்" என்பாள். படிக்கப் போகும் ஊருக்குக் கொண்டுபோகப் பெட்டி இருக்கிறதா என்று அப்பா கேட்பார். இந்த இடத்தை நான் உன்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பேன்.

புத்தகத்தில் அது இல்லை. வசந்தா வாசலில் நிற்கிறாள். உள்ளே அப்பா இருமுகிறார். அவள் திரும்பிவிடுகிறாள். அடுத்த பக்கத்தில் கல்யாணச் சமையல். தாள் கிழிந்திருக்கும் என்று பக்க எண்களைப் பார்த்தேன், எதுவும் விடுபடவில்லை. அவள் நர்ஸ் ஆகவே இல்லை உம்மா. நர்ஸ் கதை என்று பேர் வைத்தது நீதான்.

அந்த வார்த்தைகளை எனக்காகச் சொன்னாயா, உனக்காகவா? எட்டாவதோடு உன்னை நிறுத்தியபோது நீயும் எந்த வாசலிலாவது நின்றாயா?

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், நாளைக்கு வாப்பா என் பாஸ்போர்ட்டை நம் விசாவுக்குப் பொறுப்பான கஃபீலின் ஆபீஸில் கொடுக்கப் போகிறார். நாட்டைவிட்டே போகும் எக்ஸிட் முத்திரை அடித்து என்னை ஊருக்கு அனுப்பப் போகிறார். அடித்துவிட்டால் திரும்பி வருவது லேசில்லை. சற்று முன்பு அவர் ஊரிலிருக்கும் தன் தங்கையிடம் ஸ்பீக்கரில் பேசியதைக் கேட்டேன்.

"வயசுப் புள்ளைய தனியா பூட்டி வச்சுட்டு கடைக்குப் போறியளே, நல்லாவா இருக்கு காக்கா? எங்கிட்ட அனுப்புங்க. பத்தாவது முடிக்கப் போறாள்ல, போதும். அவ வயசுல எனக்கு நிக்காஹே முடிஞ்சிருச்சு" என்று அண்ணனிடம் சொன்னாள் மாமி.

"உன் நிக்காஹப் பத்திப் பேசாத. விருந்துல கறி கம்மின்னு உன் மாப்பிள்ள இன்னைக்கும் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல."

இருவரும் சிரித்தார்கள். பிறகு வாப்பா மெதுவாக, "நீ சொல்றதும் சரிதான். கடையில நிக்கிறேன், மனசு வீட்டுலதான் கெடக்கு. காலையில பாஸ்போர்ட்டக் குடுத்துர்றேன்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார். நானும் பயப்படுகிறேன். மாமி என்னை நன்றாகத்தான் வைத்துக்கொள்வாள். ஆனால் அவள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் எந்தப் பெண்ணும் படித்ததில்லை. எனக்குப் பன்னிரண்டாவது இங்கேயே முடிக்க வேண்டும். அதற்கு மேலும் படிக்க வேண்டும். வாப்பாவின் அறை வாசல் வரை போகிறேன், தண்ணீர் குடிக்க வந்தவள்போலத் திரும்பிவிடுகிறேன்.

ஆனால் நீ மாற்றிய முடிவைத் திரும்பவும் மாற்ற எனக்கு மனமில்லை. நீங்கள் கடையடைத்து வரும்வரை கலா ஆன்ட்டி வீட்டில் இருந்து படிக்கிறேன், ஆன்ட்டியிடம் மெசேஜில் கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார்கள் என்று வாப்பாவிடம் சொல்வேன். காலையில் அவர் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கதவு தட்டுகிறது.

"சபீனா, லைட் எரியுதே. தூங்கலையாம்மா?"

காலையில் என்று எழுதியதை அடித்துவிட்டேன் உம்மா. கதவைத் திறக்கப் போகிறேன்.

உன் மகள்
சபீனா