இன்னும் கண் வைக்காத உங்கள் முகம்

என் ஆசை மாமாவுக்கு,

உங்கள் மகள் நித்யா உங்கள் கறுப்பு வேட்டியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான் வெளியே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் சண்டை வந்தால் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டுகிற ஆள் நீங்கள்தான். இப்போது நான் யாரைக் கூப்பிட?

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் முகத்தைக் குவில்ட்டாகத் தைக்கத் தொடங்கினேன். துணித் துண்டுகளை வெட்டி ஒட்டி, அடியில் பஞ்சு வைத்து, மேலே தையல் ஓட்டிப் படமாக்குகிற என் கிறுக்கு உங்களுக்குத் தெரியாததா? கிளி செய்தேன், தென்னந்தோப்பு செய்தேன், கீழ்வீட்டு அக்காவின் முகத்தைக்கூடச் செய்தேன். "ஏனம்மணி, முழுசா இருக்கற துணிய வெட்டிப்போட்டு மறுக்கா முழுசாத் தெக்கறதுக்கு, சும்மாவே உட்டிருக்கலாமே?" என்று சிரிப்பீர்கள். ஆனாலும் டவுனுக்குப் போகும்போதெல்லாம் தையல் கடைகளில் வெட்டுத்துணி கேட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தது நீங்கள்தான்.

உங்களை உங்கள் துணியிலேயே செய்ய வேண்டும் என்று பீரோவைத் திறந்தேன். அடக் கடவுளே! வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. முகம் என்றால் வெளிச்சமும் நிழலும் வேண்டாமா? பக்கத்தில் நிழல் இல்லாவிட்டால் மூக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒரு மனிதர் ஆயுசுக்கும் ஒரே நிறத்தில் உடுத்தினால் நான் என்னதான் செய்வேன்?

அதைவிடக் கூத்து, தைக்கும் முன் துணியை அலச வேண்டுமே என்று பாதிச் சட்டைகளைச் சோடாவில் ஊறப் போட்டு, நீலம் முக்கிக் காயவைத்துவிட்டேன். கைப்பழக்கம். கொடியில் அவை பளீரென்று ஆடியபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டிய நிழலெல்லாம் அந்தக் கறைகளில் அல்லவா இருந்தது!

மிச்சத்தை அலசவே இல்லை. தோப்பில் தேங்காய் உரித்தபோது பட்ட மட்டைக்கறையைக் கன்னத்து நிழலுக்கு வைத்தேன். வேர்வையில் பழுத்த காலர் நெற்றிக்கு. பேனா கசிந்த சட்டைப்பை தாடைக்குக் கீழே. எந்தக் கறைக்காக உங்களோடு மல்லுக்கு நின்றேனோ அதையே கும்பிட்டு எடுத்து வெட்டினேன்.

கண்ணுக்கும் மீசைக்கும் மட்டும் கறுப்பு கிடைக்கவில்லை. கடையில் வாங்கலாம்தான், மனசு ஒப்பவில்லை. பீரோவின் அடியில் நீங்கள் சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டி இருந்தது. அதை மேசையில் விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து நித்யா உடுமலையிலிருந்து வந்து நின்றாள்.

கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடிவிடும், தெரியும்தானே?

"வெட்டுங்க. வெட்டித்தான் பாருங்க. அப்புறம் நான் இந்த ஊட்டுப் படி மிதிக்க மாட்டனுங்க."

"ஏங்கண்ணு, கையகலத் துணிக்கா இந்தப் பேச்சு?"

"அந்த வேட்டியக் கட்டீட்டுத்தான அப்பா என்னையத் தோள்ல தூக்கீட்டு மலையேறுனாங்க? அன்னிக்கு நீங்க வந்தீங்களா? அது எனக்குத்தானுங்க."

எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "உனக்கு அப்பான்னா எனக்கு யாரு? வழிப்போக்கரா?" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் அவள் மேசையிலிருந்த முகத்தைப் பார்த்தாள். மீசைக்காக நான் பென்சிலால் போட்டிருந்த கோட்டின்மேல் விரலை வைத்தாள். "இது யாருங்க? எங்கப்பா மீசை வெள்ளைங்க."

உங்களிடம் மறைப்பானேன் மாமா? நம் கல்யாணப் போட்டோவைத்தான் பெரிதாக்கி வைத்துக்கொண்டு தைத்தேன். நரைத்த உங்களை எனக்கும் பிடிக்கும். ஆனாலும் கை அந்தப் போட்டோவுக்குத்தான் போனது.

பிறகு அவள் குரல் உடைந்துபோனது. "கடைசியா எல்லாரும் அப்பா கண்ணப் பாத்தீங்க. நான் வர்ற வழில உக்கடத்துல பஸ்ஸுக்குள்ள உக்காந்துட்டு இருந்தனுங்க. ஒரு நாள் முன்னாலயே போன் பண்ணியிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டு வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று படுக்கையில் இருந்தபடியே, போனை எடுத்த என் கையைப் பிடித்து, "பேரனுக்குப் பரீட்சை அம்மணி, அவளக் கலவரப்படுத்தாத, ரெண்டு நாள்ல நானே எந்திரிச்சுப் பேசறேன்" என்று தடுத்தது நீங்கள். அதை அவளிடம் சொன்னால் கோபம் உங்கள் பக்கம் திரும்பும். வேண்டாம், அது என்மேலேயே இருக்கட்டும்.

சாப்பிடக் கூப்பிட்டேன், தாழ் திறக்கவில்லை. பயமாக இருக்கிறது மாமா. உங்களை இழந்தாயிற்று, உங்கள் படத்துக்காக அவளையும் இழப்பதா? கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. நீலம் முக்கிக் கெடுத்த சட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி மீசை வைத்தேன். அந்த வெள்ளைக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்தது. முகத்தில் சட்டென்று நீங்கள் வந்துவிட்டீர்கள். மகள் சொன்னதுதான் சரி.

தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. எழுதுவதை நிறுத்துகிறேன்.

வந்தாள். கண் சிவந்திருந்தது. மீசையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு வேட்டியின் ஒரு மூலையை மட்டும் பிரித்து என்னிடம் நீட்டினாள். "கண்ணுக்கு மட்டுமுங்க. மிச்சம் எனக்கு." துணி சுருங்காமல் அவளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு வட்டம் வெட்டினேன்.

இரண்டு கறுப்பு வட்டங்களும் இப்போது என் உள்ளங்கையில் இருக்கின்றன. நம் ஊர்க் கோயிலில் சாமிக்குக் கண் திறக்கும்போது, முதல் பார்வை படுவதற்கென்று பசுவையும் கன்றையும் எதிரே கொண்டுவந்து நிறுத்துவார்களே, அந்த நினைப்பு வந்தது. உங்களைச் சுவரில் மாட்டியாயிற்று. நேர் எதிரே நாற்காலி போட்டு நித்யாவை உட்கார வைத்திருக்கிறேன்.

இதை முடித்துவிட்டு ஊசியை எடுக்கிறேன். நான் பக்கவாட்டில் நின்றே இரண்டு கண்ணையும் தைத்துவிடுவேன், உங்கள் நேருக்கு நேர் வரமாட்டேன், இது சத்தியம். கண்ணைத் திறந்ததும் வழக்கம்போல என்னைத் தேடாதீர்கள் மாமா. முதலில் அவளைப் பாருங்கள்.

உங்கள் அம்மணி,
நித்யாவின் அம்மா