உன் பேரைச் சொல்லிக் கொடுத்த கை

தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து,
செவ்வாய்க்கிழமை.

என் தங்கமான மகள் சோபனாவுக்கு அம்மா எழுதுவது. ஜாம்நகரில் நீயும் மாப்பிள்ளை பிரவீனும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உன் அப்பா உயிரோடு இருக்கிறார், அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படிக்க உனக்குத் தெம்பு வேண்டும். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியில் வைத்துவிடுவாய், உன் அப்பாவின் புத்தி அப்படியே உனக்கு வந்திருக்கிறது. காகிதத்தில் என்றால் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிப்பேன். அங்கன்வாடியில் பதிவேடு எழுதி எழுதிக் கை பழகித்தான் இருக்கிறது, ஆனாலும் இதை எழுத மூன்று தடவை காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்று உன் அப்பா எழுந்து உட்கார்ந்தார். முந்தின நாள் காதுகுத்து விருந்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டவர், அந்த வலிதான் என்று நினைத்து சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. கண்ணைத் திறக்கச் சொன்னால் இமை பாதிக்கு மேல் ஏறவில்லை, பேச்சும் குழறியது. காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டீங்களா என்று நான் கிண்டல்கூடச் செய்தேன் சோபனா. பாயைச் சுருட்டும்போதுதான் அடியில் கட்டுவிரியன் நெளிந்தது. அது கடித்ததே அவருக்குத் தெரியவில்லை, தேடிப் பார்த்தும் பல் பட்ட தடம் தெரியவில்லை. உன் பெரியப்பா பச்சியப்பன் பால் வண்டியை மறித்து அதில் ஏற்றினார். வத்தல்மலை வளைவுகளில் இறங்க இறங்க மூச்சு குறைந்துகொண்டே வந்தது, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. நாலைந்து பேர் மாற்றி மாற்றி நெஞ்சில் அமுக்கினார்கள். ஒரு விலா எலும்பு விட்டுப்போனது, ஆனால் இதயம் மறுபடி துடித்தது. உடனே தொண்டைக்குள் குழாய் விட்டு, மூச்சு விடும் மெஷினில் போட்டு, விஷ முறிவு மருந்தும் ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு அவர் கட்டை மாதிரிக் கிடந்தார். கை கால் ஆடவில்லை, கிள்ளினால் அசைவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணின் பாப்பா சுருங்கவில்லை. கண் காய்ந்துவிடும் என்று இமையை மூடி பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசுதான், பொறுமையாகத்தான் சொன்னார்கள். இந்தப் பாம்போட விஷம் நரம்பத்தாங்க கட்டிப்போடும், மூளைக்கு ஒண்ணும் ஆகல, காது கேக்கும், நெனவு இருக்கும், நம்மகிட்ட காட்டத்தான் முடியாது என்று. நாங்கள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம். வராந்தாவுக்கு வந்ததும் உன் பெரியப்பா, டாக்டருங்க ஆறுதலுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க, தம்பி போயி ரெண்டு நாளாச்சு, மெஷின்தான் ஊதிக்கிட்டு கெடக்குது என்றார். நானும் நம்பிவிட்டேன். மார்பு ஏறி இறங்குவது மெஷினால்தானே என்று என் கண்ணுக்கும் பட்டது.

நாலாம் நாள் உன் பெரியப்பா மகள் வெண்மதியின் போனில் உன்னைக் கூப்பிட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் நீ மாப்பிள்ளையோடு வந்தபோது, வேறு சாதி வேறு சாமி என்று சொல்லி வாசலில் நிற்க வைத்து அனுப்பியவர் உன் அப்பாதானே, அவரு கூப்பிடட்டும்மா, அன்னைக்கே வர்றேன் என்று நீ சொன்னாய். தொண்டையில் குழாயோடு கிடக்கிறவர் எப்படியடி கூப்பிடுவார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாய். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. குற்றம் அதற்குப் பிறகு நாங்கள் செய்தது.

நம் மலையில் ஒருவருக்கு உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், யாருக்காகக் காத்திருக்கிறதோ அவர்கள் வந்துவிட்டதாகக் காதில் சொல்லி அனுப்பிவைப்பார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். அன்று சாயந்திரம் பார்க்க விடும் நேரத்தில் உன் பெரியப்பா, சோபனாவுக்காகத்தான் உசுரு நிக்குது, பாவம், எத்தனை நாள் அவஸ்தப்படுவான் என்று சொல்லி வெண்மதியை உள்ளே கூட்டிவந்தார். அப்பன் சொல்லைத் தட்டாத பெண், அழுதுகொண்டே வந்து நின்றாள். உன் அப்பாவின் கையை எடுத்து அவள் கையில் நான்தான் வைத்தேன். நான்தான் குனிந்து, ஏங்க, நம்ம சோபனா வந்துட்டா, ஒங்க கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா, மனசுல ஒண்ணும் வெச்சிக்காம நிம்மதியாப் போங்க என்றேன். கட்டிய புருஷனைப் போகச் சொன்னேன் சோபனா. சொல்லி முடித்ததும் பிளாஸ்டருக்குக் கீழே இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. எண்பதில் இருந்த இதயத் துடிப்பு நூற்று முப்பதுக்கு ஏறி மெஷின் கத்தியது. சிஸ்டர் யுவராணி ஓடிவந்து எங்களை வெளியே தள்ளினார். அவருக்கு எல்லாம் கேக்குதுன்னு தலபாடா அடிச்சிக்கிறோம், என்னங்க பேசித் தொலச்சீங்க என்று அந்தப் பெண் கேட்டபோதுதான் நாங்கள் செய்தது எங்களுக்கு உறைத்தது.

ஒன்பதாம் நாள் இடது கைக் கட்டைவிரல் ஆடியது. நடுவில் சளி கட்டி நுரையீரலில் காய்ச்சல் வந்தது, ரத்த அழுத்தம் ஒரு வேளை ஏறும், ஒரு வேளை கீழே விழும், டாக்டரம்மா இரண்டு நாள் வீட்டுக்கே போகவில்லை. மெஷினை ஒரு மணி நேரம் குறைப்பார்கள், அவருக்கு வியர்த்துக் கொட்டும், மறுபடி வைப்பார்கள். பதினைந்தாம் நாள்தான் குழாயை எடுத்தார்கள். குரல் போய், காற்றாகத்தான் பேச்சு வந்தது. அண்ணனைப் பார்த்ததும் முதல் பேச்சே, எனக்குக் குழி எந்தப் பக்கம் எடுக்கறதா முடிவு பண்ணுன என்பதுதான். உன் பெரியப்பா பாத்ரூமுக்குப் போகிறவர் மாதிரி எழுந்து போய்விட்டார். அப்படியென்றால் கட்டில் பக்கத்தில் நின்று குழி எடுப்பதைப் பற்றி நாங்கள் பேசியது வரை எல்லாமே கேட்டிருக்கிறது.

இப்போது வார்டில் இருக்கிறார். மூக்கில் ஆக்சிஜன், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. இதயம் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது, அதிர்ச்சியான சேதி எதுவும் சொல்லக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள். நான் என்ன செய்வேன் சொல். நேற்று அவர், சோபனா அவ்வளவு தூரத்துல இருந்து வந்து நின்னாளே, அவசரமாத் திரும்பிட்டாளா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். வந்துபோனவளை அவர் எதற்குக் கூப்பிடுவார்? அவர் கூப்பிடாமல் நீ வரமாட்டாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சொன்ன பொய் உட்கார்ந்திருக்கிறது. நீயாவது போனில் வந்ததாகவே சொல்லிவிடேன் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதிப் பார்த்தால் அதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை.

இரண்டு நாள் இதைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். நேற்றுக் காலை கஞ்சி கொடுத்துவிட்டு, சிஸ்டர் யுவராணியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, உன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வந்தது வெண்மதி, சோபனா வரவில்லை, நான்தான் சொன்னேன் என்று. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மத்தியானமும் சாப்பிடவில்லை, ராத்திரியும் சாப்பிடவில்லை. படபடப்பு ஏறி ஊசி போட்டார்கள், டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப்போனேன். மெஷினிலிருந்து அவர்கள் மீட்டுக் கொடுத்த மனுஷனை நானே வாயால் கொன்றுவிட்டேனோ என்று இருந்தது.

இன்று காலை அவராகவே திரும்பிப் படுத்து என்னைக் கூப்பிட்டார். மூச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவ வந்துட்டான்னு நெனச்சி மனசுக்குள்ளயே எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டேன் புள்ள. வாசல்ல நிக்க வெச்சது தப்புன்னு சொன்னேன். அவ கைய உருவிக்காம இருந்தா, சரி, மன்னிச்சிட்டான்னு இருந்தேன். இப்ப மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லணும், வாயத் தெறந்து சொல்லணும். மூச்சு இருக்கறப்பவே வரச்சொல்லு.

நீ கேட்டபடி அவர் கூப்பிட்டுவிட்டார் சோபனா. வெண்மதி இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து மாப்பிள்ளை போனுக்கு அனுப்புகிறாள், தாள் தபாலில் வரும். மாப்பிள்ளை தினமும் உனக்குத் தெரியாமல் வெண்மதியிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், காட்டிக்கொடுத்தேன் என்று அவரிடம் சண்டைக்குப் போகாதே. மொரப்பூரில் வந்து இறங்குங்கள், உன் பெரியப்பா ஸ்டேஷனுக்கு வருவார், அவரையும் திட்டாதே, பாதி ஆளாகிப் போய்விட்டார். பேரனுக்கு ஸ்வெட்டர் எடுத்து வை, மலையில் குளிர் ஆரம்பித்துவிட்டது. பார்க்க விடுவது சாயந்திரம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான், அதற்குள் வந்து சேர். நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அப்பா பேசும்போது குறுக்கே பேசாதே, அவருக்கு இன்னும் அவ்வளவு மூச்சு இல்லை.

உன்னைப் பெற்றவள்,
சின்னக்கா.