அடுத்த ஞாயிறின் வாசகம்

போன ஞாயிறு பூசையில் ஜெசிந்தா அடுத்த ஞாயிற்றுக்குரிய பைபிள் வாசகத்தை வாசித்துவிட்டாள். உடனே புருஷன் றொபேட் அவளுக்குத் தெரியாமல் பங்குத் தந்தையிடம் போய், வாசிப்பவர்களின் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லியிருந்தார். இந்த ஞாயிறு அவர் துறைமுக வேலை முடிந்து வருமுன், குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அவருக்கு ஒரு தாளில் எழுதினாள்:

“இஞ்சருங்கோ, பாரை மீன் குழம்பு சட்டிக்குள்ள இருக்கு. அலுமாரி பூட்டின திறப்பு ஆணியில தொங்குது. ஓம், மறக்கேல்லை.

‘அவவுக்கு மூளை சரியில்லை’ எண்டு பாதரிட்டக் கதைச்சனீங்களாம். எனக்கு நாப்பத்தெட்டு வயது. மாதவிடாய் நிக்கப்போற காலத்தில மறதி வரும், நித்திரை கெடும், அது பைத்தியமில்லை எண்டு டொக்டர் சொன்னவ. எல்லாத்தையும் எழுதி வைக்கச் சொன்னவ, வைக்கிறன். கிளினிக்குக்கு உங்களையும் கூப்பிட்டனான், நேரமில்லை எண்டனீங்கள். பாதரிட்டப் போக மட்டும் நேரம் வந்ததோ?

பாதரோட நானே கதைச்சிட்டன். இண்டைக்கும் நான்தான் வாசிப்பன். போன கிழமை வாசிச்ச அதே வாசகம். என்னளவுக்கு ஆருக்குப் பழக்கம்?”

வாசல் படலைவரை போனவள் திரும்பி வந்தாள். தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

“வாசிக்கிற கண்ணாடியை விட்டிட்டுப் போனனான். இதையும் பாதரிட்டப் போய்ச் சொல்லுங்கோ. நான் வாசிச்சு முடிச்ச பிறகு.”