அரைக் கிரெடிட் குறைந்தது உன் தம்பியால் அல்ல

என் அன்புப் பெரிய பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் பேனாவை எடுத்திருக்கிறேன். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, கொஞ்ச நாள் முன்பு வரைக்கும் படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் என்னை ஒரு திட்டுத் திட்டிக்கொண்டு இறங்குவாள், மருந்தைவிட அது நன்றாக வேலை செய்தது. மேல் வீட்டுக்காரர் ஒருவழியாகக் குளியலறைக் குழாயைச் சரி பண்ணிவிட்டார், நம் கூரையில் சொட்டுவது நின்றது. வாரத்துக்கு ஒருமுறை ஃபோனில் பேசுகிறோமே, இந்த மனுஷன் எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் என்றால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவேன், என் சாமர்த்தியம் எனக்குத் தெரியாதா. காகிதம் குறுக்கே பேசாது. அதனால் உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி, பாதியில் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடாதே.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முழுசாகச் சொன்னால்தான் நான் செய்த காரியம் விளங்கும். உயர்நிலைப் பள்ளி ஆபீஸில் என் மேசைக்கு வருவது பிள்ளைகளின் பாட அட்டைகள். ஒரு பிள்ளை பள்ளியை முடித்துச் சான்றிதழ் வாங்கவேண்டுமென்றால் எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட், அதாவது எத்தனை பாட அலகு, வேண்டும், அது அட்டையில் இருக்கிறதா என்று பார்த்துப் பச்சைப் பென்சிலால் கோடு போடுவது நான். சமூக அறிவியலில் மூன்று கிரெடிட் வேண்டும். உலக வரலாறு ஒன்று, நாட்டு வரலாறு ஒன்று, மிச்சம் ஒன்றில் பாதி பொருளியல், பாதி குடிமையியல். முன்பெல்லாம் உலக வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்த பிள்ளைகளுக்குக் குடிமையியலிலிருந்து விலக்கு உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள், யாராக இருந்தாலும் குடிமையியல் கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்தது. அதை டைப் அடித்தவன் நான், அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தி மாட்டியவனும் நான். ரொட்டிக் கடைக்காரர் ஒருத்தர் தன் மகளுக்காகக் கவுன்டரில் அரைமணி நேரம் மன்றாடினார், சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாங்க என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லி அனுப்பினேன். இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளின் அட்டையைப் பார்த்தவன் என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு, அது உனக்கும் தெரியும், நீயே கிண்டல் பண்ணியிருக்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் தம்பி பாடத் தேர்வுப் படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். குடிமையியல் என்று எழுதியிருந்தான். அந்த வகுப்பில் பிள்ளைகளே ஒரு நகரமன்றம் அமைத்து, தீர்மானம் போட்டு, வாதாடி, ஓட்டெடுப்பு நடத்துவார்களாம், அதைச் சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்கவேண்டுமே. நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஊர் நியாயம் பேசிட்டு வந்து வீட்ல யாரை உட்கார வச்சு விசாரிக்கப் போற, உங்க அக்காவைப் பாரு, கணக்கை விடாம பிடிச்சா இன்னிக்கு எங்க இருக்கா பாரு என்றேன். உன் பேரைத்தான் இழுத்தேன், பாப்பா. நீ அங்கே வேலையில் உயர்வு பெற்ற சமயம் அது, எனக்குக் கால் தரையில் இல்லை. அவன் எழுதியதை அடித்துவிட்டுப் புள்ளியியல் என்று என் கையால் எழுதினேன். அவன் மெதுவாக, குடிமையியல் கட்டாயம்னு போர்டுல போட்டிருக்கேப்பா என்றான். இதை இரண்டு தடவை படி. அவன் சொன்னான். அந்த ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறது நீயா நானா என்று கேட்டேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவன் உலக வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தான், பழைய விலக்கு என் மண்டையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. நானே டைப் அடித்த காகிதம் நினைவுக்கு வரவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். ஆபீஸில் வேலை பார்ப்பவர்களின் சொந்தப் பிள்ளை அட்டையை இன்னொரு குமாஸ்தாதான் சரிபார்க்கவேண்டும் என்று விதி இருக்கிறது, இந்த மாதிரி அப்பன்களுக்காகவே வைத்த விதி. பக்கத்து மேசையில் மஞ்சள் குடை அம்மா இருக்கிறார்களே, மழை வெயில் எதுவானாலும் அந்தக் குடை இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார்கள், நீ இங்கே வந்தபோது உனக்கு எலுமிச்சை மிட்டாய் கொடுத்தார்களே, அவர்கள்தான். அட்டையை அவர்கள் முன்னால் நீட்டி, எங்க வீட்டுப் பையனுது நான் பார்த்துட்டேம்மா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க என்றேன். என் பேச்சை நம்பிப் போட்டார்கள். பச்சைக் கோடு விழுந்த அட்டையை அதற்குப் பிறகு யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இந்த வருஷம் புதிதாகக் கம்ப்யூட்டரே கடைசிக் கணக்கு எடுக்கிறது. பள்ளி முடிய ஆறு வாரம் இருக்கும்போது, கிரெடிட் குறைகிற பிள்ளைகள் பட்டியல் என் பக்கத்துப் பிரிண்டரில் வந்து விழுந்தது. பதினொரு பேர். ஏழாவது பேர் உன் தம்பி.

நான் என்ன செய்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. பத்து வீடுகளுக்கு அறிவிப்புக் கடிதம் அடித்து உறையில் போட்டேன், பதினொன்றாவதையும் அதே மாதிரி அடித்து, நம் வீட்டு விலாசத்தை எழுதி, தபாலில் சேர்த்தேன். சொந்த வீட்டுக்கு, மாலையில் நானே நடந்து போகப்போகிற வீட்டுக்கு, வாயைத் திறந்து சொல்லத் துப்பில்லாமல் தபால் போட்ட மனுஷனை நீ கேள்விப்பட்டிருக்கமாட்டாய். இரண்டு நாளில் அது வந்தது. அம்மாதான் பிரித்தாள், என்னடா இது என்று உன் தம்பியிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, நான்தாம்மா மாத்திட்டேன், அந்த வகுப்பு போரடிக்கும்னு பசங்க சொன்னாங்க என்றான். மறுநாள் துணைத் தலைமையாசிரியையிடமும் போய் அதையே சொல்லியிருக்கிறான். எனக்கு ஓய்வு பெற இன்னும் பத்து மாசம் இருக்கிறது, இந்த நேரத்தில் அப்பன் பேர் கெடக்கூடாது என்று அந்தப் பதினெட்டு வயசு மூளை ஒரு நொடியில் கணக்குப் போட்டிருக்கிறது. கணக்கு வராது என்று நான் கரித்துக் கொட்டிய பிள்ளை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ கூப்பிட்டாய். ஃபோனை எல்லாரும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்திருந்தோம். அப்பா அந்த ஆபீஸ்லயே இருக்காரு, உனக்கு ஒரு ஃபார்ம் ஒழுங்கா நிரப்பத் தெரியலையா, அவர் மானத்தை வாங்கிட்டியே என்று நீ முக்கால் மணி நேரம் விடாமல் கேட்டாய். அவன் பள்ளி முடித்துச் சான்றிதழ் வாங்கும் விழாவுக்காக எடுத்த லீவை ரத்து பண்ணப்போகிறேன் என்றாய். அவன் சரிக்கா, சரிக்கா என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நீ கோபப்பட்டதில் தப்பே இல்லை, உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருந்தாலாவது ஒரு மாதிரி. நல்லா சொல்லும்மா, இனிமேலாவது பொறுப்பு வரட்டும் என்று நானும் சேர்ந்து ஒத்து ஊதினேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. என் அறுபது வருஷ வாழ்க்கையில் இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை, பாப்பா. செய்திருந்தால் இப்போதே சொல்லிவிடுவேன், சொல்லுகிற மனநிலையில்தான் இருக்கிறேன்.

அதற்கடுத்த நாள், திங்கட்கிழமை, நில அளவைப் பயிற்சி நிலையத்திலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. உன் தம்பி அங்கே தேர்வாகி, சான்றிதழோடு போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி என்று இருந்தானே. குடிமையியலை மாலை வகுப்பில் படித்து முடிக்கிறான், சான்றிதழ் கொஞ்சம் தாமதமாகும் என்று நம் பள்ளியிலிருந்து அவர்களுக்கு எழுதியிருந்தார்கள். தவறு பள்ளியுடையது என்றால் இடத்தை நிறுத்தி வைக்கிறோம், மாணவர் தாமே மாற்றிக்கொண்டது என்றால் வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம், புதன்கிழமைக்குள் தெரிவிக்கவும் என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். அது கோப்பில் சேர்ப்பதற்காக என் மேசைக்கே வந்தது. அதே நாளில் மஞ்சள் குடை அம்மாவுக்கு, சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நீங்க பார்த்துட்டேன்னு சொன்னீங்கல்ல சார் என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம்மா என்றேன். உண்மையை எழுதி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், செவ்வாய்க்கிழமை அது பையிலேயே இருந்தது, புதன்கிழமையும் ஆபீஸ் பூட்டுகிற வரைக்கும் பையிலேயே இருந்தது. தலைமையாசிரியை அறைக் கதவுவரை மூன்று தடவை போய், ஒரு தடவை ஸ்டேப்ளர் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை உன் தம்பியின் மாலை வகுப்பு நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி எடுக்கப்பட்ட ஒரு முடிவைப் பற்றி எழுதுக, யாரிடம் முறையிடலாம் என்றும் எழுதுக என்று ஆசிரியர் கேள்வி கொடுத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். பள்ளி வாசலிலிருந்த பஸ் நிறுத்தத்தை எடுத்துத் தள்ளி வைத்ததைப் பற்றி இரண்டு பக்கம் அழகாக எழுதியிருந்தான். ஒவ்வொரு வரியிலும் என்னைத் தேடினேன். நான் எங்கேயும் இல்லை. நோட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பழைய படிவத்தை எடுத்து, என் கையெழுத்து இருக்கிற இடத்தை வட்டம் போட்டு, வாக்குமூலத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியை படித்துவிட்டு, நீங்களா சார் என்றார். மஞ்சள் குடை அம்மாவின் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பத்து மாசமும் நான் புத்தகக் கிடங்கில் இருக்கவேண்டும், அட்டைகளைத் தொடக்கூடாது, அது நியாயம்தான். பயிற்சி நிலையத்துக்கு அன்றைக்கே ஃபோன் பண்ணினார்கள். இடம் வியாழக்கிழமை காலையிலேயே அடுத்தவருக்குப் போய்விட்டது. அடுத்த அணி ஆறு மாசம் கழித்து, அதில் கட்டாயம் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஸ்டேப்ளர் கேட்காமல் வாயைத் திறந்திருந்தால் உன் தம்பி அடுத்த மாசம் அங்கே இருந்திருப்பான்.

வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன்தான் சின்னப் பையன் வாயை மூடிக்கிட்டான், நீங்களுமா, நடுவுல நான் ஒருத்தி அவனைப் போட்டு வறுத்து எடுத்தேனே என்றாள். அதிலிருந்து படிக்கட்டில்கூட என்னைத் திட்டுவதில்லை, அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குப் புரியும். உன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் நெளிந்துகொண்டு, பரவாயில்லப்பா, ஆறு மாசம்தானே என்றான். பிறகு கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா, அவளுக்கு உங்க மேல ஒரு பெருமை இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும், என்னைத் திட்டினது திட்டினதாவே இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் வலிக்கல என்றான். வலிக்கவில்லை என்று சொன்னவன் அந்த ஞாயிறிலிருந்து நீ கூப்பிடுகிற நேரமெல்லாம் குளிக்கப் போய்விடுகிறான், நீ கவனித்தாயோ என்னமோ. அவன் கேட்டதை நான் செய்யவில்லை. அவன் பேச்சை மீறி நான் எடுக்கிற இரண்டாவது முடிவு இது, இதில் என் சௌகரியம் ஒன்றுமில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். இந்தப் பெருமையையும் அவன் செலவில் நான் வைத்துக்கொண்டிருக்க முடியாது, பாப்பா.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்திருக்கிறது. தலைவலி என்றாயே, கண் டாக்டரைப் பார்த்தாயா, தள்ளிப் போடாதே, தள்ளிப் போடுவதில் என்னைப் போல் இருக்காதே. லீவைத் திரும்பக் கேட்டுப் பார், விழா மேடையில் அவன் இருக்கமாட்டான், அன்றைக்காவது அவன் பக்கத்தில் நீ இருக்கவேண்டும். முக்கியமாக ஒன்று. மாலை வகுப்பு முடிந்து அவன் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான், இதைப் படித்து முடித்ததும் அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு. என் ஃபோனில் கூப்பிடாதே, நான் எடுத்தால் ஏதாவது பேசி என்னைப் பற்றியதாக்கிவிடுவேன். அம்மா ஃபோனில் கூப்பிட்டு, அவனைக் கொடு என்று சொல்.

இப்படிக்கு,
அந்தப் படிவத்தைத் தன் கையால் நிரப்பிய
உன் அப்பா