கைப்பிடியில் இருந்த பெண்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் அவரோடேயே குடியிருக்கிறது. நீயும் உடம்பைக் கவனித்துக்கொண்டிருப்பாய் என்று நம்பியே எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, வாயைக் கொப்பளித்துவிட்டுக் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்ததுதான். அப்பா பார்த்துவிட்டு, பல் வலியா என்றார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு திருட்டு வழக்கின் பீரோ கைப்பிடி வந்தது. அதில் அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் டிஎன்ஏ இருக்கிறது என்று அறிக்கை எழுதியவள் நான். திருட்டு நடந்த வீட்டில் வயரிங் வேலை பார்த்த எலக்ட்ரீஷியனைப் போலீஸார் உள்ளே வைத்துக்கொண்டு, கூட வந்தவள் யார் என்று கேட்டுக் குடைகிறார்கள். நேற்று அவன் மனைவி எங்கள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள். "திருடினாரா இல்லையான்னு நான் கேக்கலம்மா, அவ யாருன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, கைப்பிடி வந்த அன்று எனக்கு ஜலதோஷம், முகமூடியை இறக்கி மூக்கைத் துடைத்தேன், கையுறையை மாற்றினேனா என்று நினைவில்லை. இன்று மாலையில் முடிவு வந்தது, கைப்பிடியில் இருந்தது என் டிஎன்ஏதான். அவள் தேடுகிற சக்களத்தி நான்தான்.

சிரிக்காதே. உடனே இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நீங்க வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல மேடம்" என்றார். பள்ளியில் நீ சைக்கிள் கம்பியில் என் சட்டைப் பொத்தான்களைக் கோத்து டிஎன்ஏவின் அந்த முறுக்கு ஏணியைச் செய்தாயே, நினைவிருக்கிறதா? அதன் வடிவத்தைக் காட்டிக்கொடுத்த எக்ஸ்ரே படம் ஒரு பெண்ணின் உழைப்பு, அவளைக் கேட்காமலே பிறருக்குக் காட்டினார்கள், அவள் ஏன் சும்மா இருந்தாள் என்று மேடையில் கோபமாகக் கேட்டாய். காட்டியதே அவளுக்குத் தெரியாது மகளே. எனக்கு என் தவறு தெரியுமே. யார் பிள்ளை, என்ன நோய், யார் குற்றவாளி என்று இன்று அந்த ஏணி சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அதனால்தான் அதைத் தொடுகிற கை பொய் சொல்லக் கூடாது.

வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடாதே, நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை நீதிமன்ற விசாரணைக்கு என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். பழைய அறிக்கையை மட்டும் வாசித்துவிட்டு இறங்கச் சொல்லி இயக்குநரின் உத்தரவு. வேலை போனால் போகட்டும், இன்றைய முடிவையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். அந்தப் பெண் யார் என்று கேட்டாளே அவன் மனைவி, அவள் காதில் விழும்படி கூண்டில் நின்று என் பெயரைச் சொல்லப்போகிறேன். இப்படிச் செய்யப்போவதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. அவர் பல் வலிக்குக் கிராம்பு தேடிக்கொண்டிருக்கிறார்.

என்றும் உன்,
அம்மா